ஆற்றங்கரையில் பிறந்த புதுச்சேரி

1769 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலையில் புதுச்சேரியின் வானத்தை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே கடந்து போவதை அளப்பதற்காகவே பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவர் லெ ழாந்தீ என்ற வானியலாளர். 1761இல் இதே கடப்பு நிகழ்ந்தபோது ஊர் ஆங்கிலேயர் வசம் போயிருந்ததால் அவரால் கரையிறங்கவே முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் பிரான்சு திரும்பாமல் கிழக்கிலேயே தங்கிவிட்டார். ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் இங்கே வந்து, இடிபாடுகளின் மேல் நோக்குக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். கடப்பு முடிந்த பிறகுதான் மேகம் விலகியது.

வானம் கைவிட்டாலும் மண் அவருக்கு ஒன்றைக் காட்டியது. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு அறிந்தார், சுற்றுவட்டாரத்தையும் பார்த்தார். ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினத்தை ஒட்டிப் பெரிய அளவிலான பழஞ்செங்கற்களால் ஆன கட்டட மிச்சங்கள் கிடப்பதைக் குறித்துக்கொண்டார். மணலில் பாதி புதைந்த ஒரு கருங்கல் சிலையைப் பற்றியும் எழுதினார். அது ‘பௌத்’ என்றும், அதற்கு வழிபாடு நின்றுபோய்விட்டது என்றும் உள்ளூர்க்காரர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பயண நூல் பாரிசில் அச்சேறியது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அந்தச் செங்கற்களைப் பற்றி எந்த அறிஞரும் அக்கறை கொள்ளவில்லை.

புதுச்சேரியின் கதையை எல்லோரும் 1674இலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் வந்தார், கோட்டை கட்டினார், நேர்க்கோட்டுத் தெருக்கள் உருவாயின என்று அந்தக் கதை போகும். கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்கு அதில் சந்தேகம் வர வாய்ப்பில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஊர் முழுவதும் அந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஆனால் கடற்கரைச் சாலையை விட்டுத் தெற்கே நாலு கிலோமீட்டர் போனால், காக்காயன்தோப்பு என்ற சிற்றூரை அடுத்து, மாமரமும் தென்னையும் நிற்கும் ஒரு மேடு ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது. அரிக்கமேடு. புதுச்சேரியின் முதல் ஊர் அதுதான். அதை உருவாக்கியது கடல் என்பதைவிட ஆறு என்பதே பொருத்தம்.

அந்த ஆறு பெரியது அல்ல. செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து கிழக்கே வரும் இதற்கு வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் பெயர். வீடூரில் தொண்டியாறு வந்து கலக்கிறது. அங்கேதான் இன்று அணை இருக்கிறது. வழியில் திருவக்கரை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து புதைத்த மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் இடம் அது. 1781இல் சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதைப் பற்றி எழுதினார். பிறகு திருக்காஞ்சி, வில்லியனூர். கடலை நெருங்கும்போது ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. அந்த வடக்குக் கிளை நேராகக் கடலில் விழாமல், வீராம்பட்டினம் இருக்கும் மணல்திட்டுக்கு உட்புறமாக வளைந்து, உப்பங்கழியாக விரிந்து, அதன் பிறகுதான் முகத்துவாரத்தை அடைகிறது.

இந்த வளைவு எவ்வளவு பெரிய கொடை என்பது சோழமண்டலக் கரையை அறிந்தவர்களுக்குப் புரியும். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. அலை நேராகக் கரையில் அடிக்கும். பெரிய கப்பல் தூரத்தில்தான் நங்கூரமிட வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் அதுவும் ஆபத்து. அலைக்குப் பின்னால், மணல்திட்டின் மறைவில், அமைதியான நீரும் மேடான கரையும் சேர்ந்து கிடைத்தால் சிறு படகுகளைக் கட்டிவைக்கலாம், சரக்கை இறக்கலாம், ஏற்றலாம். காவிரிப்பூம்பட்டினமும் மரக்காணமும் இப்படி ஏதோ ஒரு கழியையோ முகத்துவாரத்தையோ நம்பித்தான் வளர்ந்தன. அரிக்கமேட்டில் குடியேறியவர்கள் இடம் தெரிந்துதான் குடியேறினார்கள்.

அவர்களுக்கு முன்பே இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனிதர்கள் வாழ்ந்து, இறந்து, புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நகரத்தின் மேற்கே முத்திரப்பாளையத்திலும், வடமேற்கே சுத்துக்கேணியிலும் பெருங்கற்கால ஈமக்காடுகளை அகழ்ந்து பார்த்தவர் ழான் மரி கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்; 1956இல் தன் மனைவியோடு சேர்ந்து அதை நூலாக வெளியிட்டார். முத்திரப்பாளையம் என்றவுடன் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவு வருவது வேறு: பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்ட ஊற்று, அதற்கு நன்றியாக நிற்கும் ஆயி மண்டபம். நகரம் குடித்த நல்ல தண்ணீரும், நகரத்துக்கும் முந்திய மனிதர்களின் எலும்புகளும் ஒரே ஊர் மண்ணிலிருந்து வந்தவை.

கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒரு கப்பல் வணிகர் எழுதிவைத்த கையேடு ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’. தமிழகத்தின் கீழைக் கரையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று துறைகளை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமியும் பொதுகேயைக் குறிப்பிட்டு, அது வணிகத் துறை என்கிறார். கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், சோபட்மாவை மரக்காணம் என்றும் பெரும்பாலோர் கொள்கிறார்கள். நடுவில் உள்ள பொதுகேதான் அரிக்கமேடு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

பெரிப்ளூஸ் இன்னொரு செய்தியையும் தருகிறது. மேலைக் கரைக்கு எகிப்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி இந்தக் கீழைத் துறைகளுக்கு வந்து சேர்ந்தது என்கிறது அது. இங்கே நின்ற கலங்களின் பெயர்களும் அதில் உண்டு: கரையோரமாகச் செல்லும் உள்ளூர்க் கலங்கள், பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’, கங்கைக்கும் பொன்நாட்டுக்கும் போகும் மிகப் பெரிய ‘கொலந்தியா’ வகைக் கப்பல்கள். ஆக, கீழ்க்கடலில் சரக்கைச் சுமந்தவை பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கலங்களே. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டில் அரிக்கமேட்டைக் கண்டெடுத்தவர்கள் கொஞ்ச காலம் இதை மறந்துவிட்டார்கள்.

கண்டெடுத்த கதை 1937இல் தொடங்குகிறது. சைகோனில் பிறந்து, புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், பல்லவர் வரலாற்றிலும் தென்னிந்தியக் கட்டடக் கலையிலும் தோய்ந்தவர். ஆறு கரையை அரிக்க அரிக்க மேலே வந்த மணிகளையும் ஓடுகளையும் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவதும், அவரிடம் கொண்டுவந்து கொடுப்பதும் வழக்கமாயின. அப்படி வந்தவற்றில் ஒன்று, ரோமப் பேரரசன் அகஸ்டஸின் தலை செதுக்கப்பட்டதாக அவர் கருதிய ஒரு முத்திரைக் கல். இங்கே ரோமானிய நகரம் ஒன்றே புதைந்திருக்கிறது என்று அவர் நம்பினார், அரசுக்கும் எழுதினார். 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே என்ற மதச் சகோதரரும் சுர்லோ என்பவரும் சில இடங்களில் தோண்டினார்கள். புதுச்சேரித் தமிழரான பட்டாபிராமின் அந்த அகழ்வுகளைப் பற்றி 1946இல் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். கிடைத்த பொருட்களில் சில, அன்று பிரெஞ்சு இந்தோசீனாவில் இருந்த ஹனோய்க்கு ஆய்வுக்காகப் போயின.

அந்த நேரத்தில்தான் மார்ட்டிமர் வீலர் வந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக 1944இல் பொறுப்பேற்றவர், சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிடும்போது அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டு, உடனே புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த ஓடுகளில், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் துண்டுகள் இருந்தன. ‘அரெட்டைன்’ எனப்படும் அந்தத் தட்டுகளின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். அவை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும்; முதல் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தொழிலே அடங்கிவிட்டது.

வீலருக்கு இது ஏன் புதையலாகத் தெரிந்தது? அன்றைக்குத் தென்னிந்தியத் தொல்லியலில் எந்தப் பானைக்கும் நம்பத்தகுந்த வயது கிடையாது. கரிமக் காலக்கணிப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அரெட்டைன் ஓடு ஒரு மண்ணடுக்கில் கிடைத்தால் அந்த அடுக்கின் காலம் தெரிந்துவிடும். அதே அடுக்கில் கிடக்கும் உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெரிந்துவிடும். அந்த உள்ளூர்ப் பானை வேறு எந்த ஊரில் கிடைத்தாலும், அந்த ஊரின் காலமும் பிடிபட்டுவிடும். 1945இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதே, அனுமதி பெற்று அரிக்கமேட்டில் அகழ்ந்தார். ஆற்றோரம் என்பதால் ஆழக் குழிகளில் தண்ணீர் ஊறியது. இறைத்துக்கொண்டேதான் தோண்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. அதைக் கிடங்கு என்றார். வேறொரு பகுதியில் செங்கல் தொட்டிகளும் வாய்க்கால்களும் கிடைத்தன. மஸ்லின் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்று கருதினார். அறிக்கை 1946இல் ‘பண்டைய இந்தியா’ என்ற துறை ஏட்டில் வந்தது. தலைப்பிலேயே அவர் அரிக்கமேட்டை இந்தோ-ரோமானிய வணிகநிலையம் என்று பெயரிட்டுவிட்டார். அடுத்து 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது, அரிக்கமேட்டு வரிசையைக் கொண்டே அங்குள்ள பெருங்கற்காலத்துக்கும் வயது சொன்னார்.

உலகம் முழுவதும் அரிக்கமேட்டின் பெயர் பரவியது வீலரால்தான். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு பிழையும் ஒட்டிக்கொண்டது. ரோமானியர்கள் வந்ததால் ஊர் பிறந்தது, அவர்கள் போனதும் ஊர் அடங்கியது என்பதாகப் பாடநூல்கள் எழுதின. 1947க்கும் 1950க்கும் இடையில் கசால் அகழ்ந்தபோதே, இத்தாலியப் பொருட்கள் வருவதற்கு முந்திய குடியிருப்பு அடியில் இருப்பது தெரிந்தது. இருந்தும் பழைய படம் அழியவில்லை.

அதை அழித்தவர் விமலா பெக்லி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 1983இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே வீலரின் அடுக்குகளை மறுபடியும் படித்துக் கேள்விகளை எழுப்பினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1989 முதல் 1992 வரை களத்தில் இறங்கினார். முடிவுகள் 1996இலும் 2004இலும் இரு தொகுதிகளாக வந்தன. ரோமக் கப்பல் சரக்கு இங்கே வருவதற்கு நெடுநாள் முன்பே, கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகளிலேயே, இங்கே ஊர் இருந்தது. ரோம வணிகம் மெலிந்த பிறகும் இருந்தது. சோழர் காலத்து நாணயமும் சீனப் பச்சைப் பீங்கானும் கிடைத்த அளவுக்கு, இடைக்காலத்திலும் இங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. சக்கரப் பற்களால் வட்டவட்டமாக நுண்கோடு போட்ட ‘ரௌலட்டட்’ தட்டுகளை வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்திருந்தார். அவை இந்திய மண்ணில் செய்யப்பட்டவை என்பது பின்னர் நிலைபெற்றது. கிடங்கு, சாயத்தொட்டி என்ற அடையாளங்களையும் பெக்லி அப்படியே ஏற்கவில்லை.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. அயல்நாட்டு ஓடுகள் புகழ்பெற்றவை. ஆனால் குவியல் குவியலாகக் கிடைத்தவை உள்ளூர்ச் சட்டியும் பானையும்தான். அந்த ஓடுகள் சிலவற்றில் தமிழ்-பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயரும் உண்டு, பிராகிருதப் பெயரும் உண்டு. குடிநீருக்கு உறைகிணறுகள் இருந்தன. பாத்திரத்தில் தன் பெயரைக் கீறி வைத்துக்கொள்கிறவன் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன்.

அயல்நாட்டுச் சாடிகள் வந்ததை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்தச் சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் அதிகமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை மதுச்சாடிகள் என்று கண்டார். ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும், மீனை உப்பிட்டு நொதிக்கவைத்துச் செய்யும் குழம்புக்கான சாடிகளும் இருந்தன. மதுவை இங்குள்ளவர்களும் விரும்பிக் குடித்திருக்கலாம். யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயும் மீன்குழம்பும் அப்படியல்ல. அவற்றை ஏங்கித் தேடியவர்கள் மேற்கிலிருந்து வந்து சில காலமாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் தங்கியது ஏற்கனவே நடந்துகொண்டிருந்த ஓர் ஊரில்.

அந்த ஊரின் சொந்தத் தொழில் மணி. அரிக்கமேட்டைப் பற்றி ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், ஸ்படிகம் போன்ற கற்களை உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்திருக்கிறார்கள். துளை போடுவதற்கு முன்பே உடைந்தவை, பாதி தேய்த்தவை, கழிவுச் சில்லுகள் எல்லாம் கிடைத்திருப்பதால், இங்கேதான் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை.

கல்மணியைவிடப் பெரிய கதை பாசிமணியினுடையது. உருகிய கண்ணாடியை ஊடே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுக்க வேண்டும். ஆறியதும் அந்தக் குழாயைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்கிய விளிம்பு கூராக இருக்கும். மறுபடியும் சூடுகாட்டி உருட்டினால் மழுங்கி, வழவழப்பான மணியாகிவிடும். இழுத்த ஒரு குழாயிலிருந்து எண்ணற்ற மணிகள் கிடைக்கும் என்பதால் விலை மலிவு. மலிவு என்பதால் எங்கும் போயின. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை இந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயரிட்டு, இவை செய்யப்பட்ட மிகப் பழைய இடமாகத் தெரியவருவது அரிக்கமேடு என்றார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குவான் லுக் பாட், வியட்நாமின் ஓக் ஏயோ ஆகிய இடங்களுக்கு இந்தக் கைத்திறன் பரவியதை அவர் பின்தொடர்ந்தார். ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறையில் மணி செய்கிறவர்களின் உலையருகே நின்று பார்த்துத்தான் பழைய முறையை அவர் புரிந்துகொண்டார்.

ஊர் எப்போது, ஏன் மெலிந்தது என்பதற்கு ஒற்றை நாள் குறிக்க முடியாது. அதே நேரத்தில் ஆற்றங்கரை வெறிச்சோடிப் போகவும் இல்லை. வாழ்க்கை கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைச் சொல்கிறது. அந்தச் செப்பேடு 1879இல் கிடைத்தது. திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் வில்லியனூரிலும் சோழர் காலத்துக் கோயில்கள் எழுந்தன. பாகூர் ஏரி நிறைந்தால் அந்தப் பக்கத்து நெல்வயல்கள் பிழைத்தன. கடல் வணிகம் தளர்ந்த நூற்றாண்டுகளில் சோறு போட்டது ஏரியும் வாய்க்காலும்தான்.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள். பீஜப்பூர் சுல்தானின் அதிகாரியாக வலிகொண்டாபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடியின் இசைவோடு அவர்கள் இங்கே காலூன்றினார்கள். மர்த்தேன் ஊரை வளர்த்தார். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரைஸ்விக் உடன்படிக்கைக்குப் பிறகு 1699இல் திரும்பக் கிடைத்தது. புதுச்சேரியின் நேர்க்கோட்டுத் தெருக்களுக்கான திட்டம் டச்சுக்காரர்கள் 1694இல் வரைந்த வரைபடத்தில் இருக்கிறது. நெசவாளர்களைக் குடியமர்த்துவதுதான் அதன் முதல் நோக்கம். துணிக்காக வந்த வணிகர்கள் துணி நெய்கிறவர்களுக்குத்தானே முதலில் இடம் கொடுப்பார்கள்! நீலச் சாயம் தோய்த்த புதுச்சேரித் துணி பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ‘கினே’ என்ற பெயரில் செனகல் வரை போய், அங்கே கோந்து வாங்கக் காசாகவே புழங்கியது.

புதிய ஊர் திறந்த கடலைப் பார்த்து எழுந்தது. பீரங்கி வைத்த கப்பல்களின் காலத்தில், கோட்டைக்கு நேரே கப்பல் நிற்க வேண்டும் என்பதே முக்கியம். அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கச் சலங்கு என்ற தட்டையான படகுகள் இருந்தன. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பக்கங்களில் கப்பல் வந்ததும் சலங்கு போனதும் அன்றாடச் செய்தி. அரியாங்குப்பம் ஆறு ஊரின் தெற்கு எல்லைக் காவலாக மாறியது. அங்கே ஒரு சிறு கோட்டையும் எழுந்தது.

1748இல் அந்தச் சிறு கோட்டை ஐரோப்பிய வரலாற்றில் இடம்பிடித்தது. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்காவன் பெரும்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, முதலில் அரியாங்குப்பம் கோட்டையைப் பிடிக்க முயன்றார். அதன் வலிமையைத் தப்பாக மதிப்பிட்டு முதல் தாக்குதலில் அடிவாங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இந்த இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். வெடிமருந்துக் கிடங்கு தற்செயலாக வெடித்த பிறகே பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைக் கைவிட்டு ஊருக்குள் போனார்கள். அந்தச் சிறு கோட்டை ஆங்கிலேயரின் நாட்களைத் தின்றுவிட்டது. அக்டோபரில் மழைக்காலம் நெருங்க, பாஸ்காவன் முற்றுகையைக் கைவிட்டுக் கிளம்பினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் தப்பினார். 1761இல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். லெ ழாந்தீ கூடம் அமைத்த இடிபாடு அந்த அழிவின் மிச்சம்.

அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட அதே 1770இல் அரிக்கமேட்டுக்கு வேறு விருந்தாளிகள் வந்தார்கள். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருமடம் ஒன்று, சயாமிலிருந்து பர்மியப் படையெடுப்பால் துரத்தப்பட்டு, இன்றைய தென்வியட்நாமில் ஹோன் தாத் என்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தது. 1769இல் அது தாக்கப்பட்டு எரிந்தது. இளம் பாதிரியார் பிக்னோ த பெஹேன் எஞ்சிய மாணவர்களோடு மலாக்கா வழியாகப் புதுச்சேரிக்கு வந்து, வீராம்பட்டினத்தில் குருமடத்தை மறுபடியும் தொடங்கினார். வியட்நாமிய மாணவர்களின் துணையோடு இங்கே இருந்த ஆண்டுகளில்தான் அவர் வியட்நாமிய-இலத்தீன் அகராதியைத் தொகுத்தார். பின்னாளில் வியட்நாமின் பேரரசன் கியா லாங்குக்கு ஆட்சியைப் பிடித்துத் தர உதவியவர் இதே பிக்னோதான். குருமடக் கட்டடத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் அரிக்கமேட்டில் நிற்கின்றன. மேட்டுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார்த்து ‘ரோமானியச் சுவர்’ என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. அதைக் கட்ட மேட்டின் பழஞ்செங்கற்களே பயன்பட்டன.

இந்த ஹோன் தாத், ஓக் ஏயோவுக்கு அருகிலுள்ள பகுதி. அரிக்கமேட்டு வகைப் பாசிமணி கிழக்கே சென்று சேர்ந்த நிலத்திலிருந்துதான், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து, அகதிகளாக அந்த மாணவர்கள் இதே மேட்டுக்கு வந்தார்கள். காலடியில் கிடந்த மணிகளுக்கும் தங்கள் ஊருக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஓக் ஏயோவை மல்லெரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்து பார்த்ததே 1944இல்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீராம்பட்டினம் மட்டும் இந்த நூற்றாண்டுகள் முழுவதிலும் தன் வழியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தது. செங்கழுநீரம்மன் தலபுராணமும் நீரிலிருந்தே தொடங்குகிறது: மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய மரக்கட்டையை வீட்டில் பிளக்கப் போக, அதிலிருந்து இரத்தம் பீறிட்டது என்று சொல்வார்கள். ஆடி மாதத்தில் நடக்கும் தேரோட்டத்துக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் வழக்கம் மாறவில்லை. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள்.

1980களின் இறுதியில் புதுச்சேரி மறுபடியும் ஆற்றின் வாயைத் தேடி வந்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கருங்கல் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் மணற்பரப்பு கரைந்தது. காந்தி சிலைக்கு முன்னால் பாறைகளைக் கொட்டிக் கடலைத் தடுக்க வேண்டிய நிலை வந்தது அப்படித்தான். பழைய ஊர் மணல்திட்டின் மறைவில் படகைக் கட்டியது. புதிய துறைமுகம் மணலோடு மோதியது.

அரிக்கமேடு இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல், இந்தியாவின் பட்டுப்பாதைத் தலங்கள் என்ற தொகுப்பில் காவிரிப்பூம்பட்டினத்தோடு சேர்த்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் அதன் பெயரும் ஏறியது. பெக்லியின் குழு குழிகளை மூடிவிட்டுப் போன பிறகு, மேட்டில் பார்ப்பதற்குக் குருமடச் சுவரும் தோப்பும்தான் மிச்சம். கண்டெடுத்தவற்றில் ஒரு பகுதி புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவை சென்னை, ஹனோய் என்று போன பாதைகளை ஒன்றுசேர்த்துத் தமிழில் ஒரு முழுப் பட்டியல் வெளிவர வேண்டும். மேட்டின் பக்கத்திலேயே, காக்காயன்தோப்பிலோ அரியாங்குப்பத்திலோ, ஒரு காட்சிக்கூடம் வேண்டும்; ழூவோ துப்ரேயின் கையில் முதல் மணியைக் கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், மழைக்காலத்து வெள்ளம் கரையை அறுக்கும் இடத்தில் வலுவான தடுப்புச் சுவர் வேண்டும். மிகப் பழைய அடுக்குகள் ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இன்னும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.